காடா, தோட்டமா? உலகத் தரவரிசைகளில் இந்தியாவும் தாண்டிக்குடியின் நிழல் காப்பியும்

2022 ஜூன் மாதம் யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் வெளியிட்ட சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டில் இந்தியா 180 நாடுகளுள் 180ஆவதாக நின்றது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உலகக் காட்டுவள மதிப்பீடு, 2010 முதல் 2020 வரை காட்டுப் பரப்பை மிகுதியாகக் கூட்டிய நாடுகளில் சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அடுத்து இந்தியாவை மூன்றாவதாக வைத்திருந்தது. 2025 மதிப்பீட்டிலும் அந்த மூன்றாமிடம் நீடிக்கிறது. மொத்தக் காட்டுப் பரப்பில் இந்தியா பத்தாமிடத்திலிருந்து ஒன்பதுக்கு ஏறியிருக்கிறது. முதல் தரவரிசையை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆதாரமற்றது என்று மறுத்தது. பின்னதை வரவேற்றது.

இரண்டும் ஒரே பொருளை அளப்பவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2022 குறியீட்டில் பருவநிலைக்கு மட்டும் 38 விழுக்காடு எடைமதிப்பு. கடந்த பத்தாண்டு உமிழ்வின் போக்கை 2050 வரை நீட்டி ஒரு கணிப்பு, அதற்கும் மதிப்பெண். தலைக்கு எவ்வளவு உமிழ்வு என்ற கேள்விக்கோ 2.6 விழுக்காடுதான். இப்போதுதான் மின்சாரமும் சாலையும் வீட்டுக்கு வந்துசேரும் மக்களைக் கொண்ட நாட்டை இந்தக் கணக்கு தண்டிக்கிறது என்று அமைச்சகம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. காற்று மாசில் நாம் பெற்ற கடைசி வரிசை மதிப்பெண்களுக்கு அந்த நியாயம் பொருந்தாது. தில்லியின் குளிர்காலக் காற்றை யார் அளந்தாலும் விடை ஒன்றுதான்.

உலகக் குறியீடுகளைப் பற்றிய நம் விவாதம் பெரும்பாலும் இரண்டு கூற்றுகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது: மேலைநாட்டார் காழ்ப்போடு மதிப்பிடுகிறார்கள் என்பது ஒன்று, அரசு உண்மையை மறைக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சில நேரம் ஆதாரம் கிடைக்கும். ஆனால் ஒரு தரவரிசை உண்மையில் எங்கே தீர்மானமாகிறது என்பதை இரண்டுமே காட்டுவதில்லை. எதை எண்ணுவது, எந்த அளவு நிலப்பரப்பில் எண்ணுவது, எண்ணியதை எப்போது வெளியிடுவது ஆகிய மூன்று முடிவுகளில்தான் அது தீர்மானமாகிறது. இம்மூன்றில் பெரும்பகுதி நம் கையிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அதைச் சோதித்துப் பார்க்க ஓர் ஊர் போதும்.

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம், கீழ்ப் பழனி மலையில் இருக்கிறது தாண்டிக்குடி. காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கே இயங்குகிறது. இந்தியக் காப்பி வட்டாரங்களில் ‘புல்னீஸ்’ என்ற பெயரால் சந்தைக்குப் போவது இந்த மலைச்சரிவுகளின் அரபிக்காதான். தோட்டத்துக்குள் நுழைந்தால் காப்பி முதலில் கண்ணில் படாது. மேலே சில்வர் ஓக், பலா, காலங்காலமாக விட்டுவைக்கப்பட்ட காட்டு மரங்கள். அவற்றின் அடிமரத்தைச் சுற்றி மிளகுக்கொடி. அதற்குக் கீழே, கவ்வாத்து செய்து ஓராள் உயரத்தில் நிறுத்திய காப்பிச் செடி. இடைவெளிகளில் ஆரஞ்சு, மலைவாழை, பட்டர் ப்ரூட். அரபிக்காவுக்கு நிழல் வேண்டும். வெயில் நேரடியாக விழும் செடியை வெள்ளைத் தண்டு துளைப்பான் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். துளைப்பான் ஏறிய செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி குறைவு. எனவே விவசாயி மரத்தை வளர்க்கிறார். நிழல் மிகுந்தால் பூ குறையும், ஈரம் தங்கி நோய் வரும். எனவே ஆண்டுதோறும் கிளை கழித்து வெளிச்சத்தை உள்ளே விடுகிறார். மரம் வைப்பதும் கழிப்பதும் ஒரே வேளாண்மையின் இரு கைகள்.

இந்த நிலம் காடா, தோட்டமா?

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில் இது வனப்பரப்பு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரவிதானம் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் போதும். நிலம் யாருடையது, சட்டப்படி அது என்ன, மரம் எந்த இனம் என்று அந்த வரையறை கேட்பதில்லை. பழத்தோட்டமும் தென்னந்தோப்பும் காப்பித் தோட்டமும் இதில் அடங்கும். 2023ஆம் ஆண்டு வன நிலை அறிக்கை நாட்டின் வனப்பரப்பு 21.76 விழுக்காடு என்று சொல்லும்போது தாண்டிக்குடியின் நிழல் காப்பியும் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சோலைக்காட்டையும் சில்வர் ஓக் தோட்டத்தையும் ஒரே நிறத்தில் காட்டும் எண் அது. பழனி மலையின் மேற்பகுதியில் புல்வெளியை அழித்து நட்ட சீகை மரமும் தைல மரமும்கூட அதே நிறத்தில்தான் விழுகின்றன. புல்வெளி இழந்தது எவ்வளவு என்பதை அந்த எண்ணில் தேட முடியாது. சூழலியல் நோக்கில் இது பெரிய இழப்பு. உலக வரிசையில் அதுவே வரவாகப் பதிவாகிவிடும்.

பிரசல்ஸின் கணக்கு வேறு. 2023 ஜூன் மாதம் சட்டமான ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு ஒழுங்குமுறை, உணவு வேளாண்மை அமைப்பின் வரையறையைத் தழுவி, வேளாண் பயன்பாடு மேலோங்கிய நிலத்தைக் காடு என்ற சொல்லிலிருந்து விலக்குகிறது. மரநிழலில் பயிர் செய்யும் வேளாண்காடுகளும் அந்த விலக்கில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி ஐரோப்பியச் சந்தைக்குள் நுழையக் கூடாது. நான்கு ஹெக்டேருக்கு உட்பட்ட தோட்டமானால் அதன் இருப்பிடத்தை ஒரு புள்ளியாகவும், அதற்கு மேற்பட்டதானால் எல்லைக்கோடாகவும் தர வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. இந்தியக் காப்பியில் பெரும்பங்கு ஏற்றுமதியாகிறது. இத்தாலியும் ஜெர்மனியும் அதன் முதன்மை வாங்குநர்களில் அடங்கும். அதனால் இந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வாக்கியமும் கீழ்ப் பழனியின் சிறு தோட்டக்காரரைத் தொடக்கூடியது.

இங்கேயும் நாடுகளுக்குத் தரம் உண்டு. 2025 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட பட்டியலில் இந்தியா குறைந்த ஆபத்துள்ள நாடு. பெலாரூஸ், வடகொரியா, மியான்மர், ரஷ்யா ஆகிய நான்கும் மிகுந்த ஆபத்துள்ளவை; தடைவிதிப்புக்கு உள்ளான நாடுகளே அந்த வகுப்பில் வைக்கப்பட்டன. வெப்பமண்டலக் காட்டை உலகிலேயே அதிகம் இழந்துவரும் பிரேசில் நடுவகுப்பில் இருக்கிறது. காட்டின் பெயரால் அமைந்த வரிசையில் வெளியுறவு நுழைந்திருப்பது தெளிவு. நமக்கு அது சாதகமாக அமைந்தது: குறைந்த ஆபத்துள்ள நாட்டின் சரக்கை இறக்குமதி செய்வோரில் ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டினரை மட்டுமே அதிகாரிகள் சோதிப்பார்கள், நடுவகுப்புக்கு மூன்று, உயர்வகுப்புக்கு ஒன்பது.

ஆனால் நாட்டுக்குக் கிடைத்த இந்த நல்ல தரம் தோட்டக்காரரின் சுமையைக் குறைப்பது சிறிதளவுதான். ஆபத்தை மதிப்பிட்டு எழுதும் வேலை இறக்குமதியாளருக்கு மிச்சமாகிறது. நிலத்தின் இருப்பிடத்தைத் தந்தாக வேண்டியவர் தோட்டக்காரரே. பாகப்பிரிவினை ஆகாத பூர்வீக நிலம், தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, அனுபோகத்தில் மட்டும் இருக்கும் மலைச்சரிவு என்று மலையூர்களில் சிக்கல் பல. இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. செயற்கைக்கோள் படம் நிழல் காப்பியைக் காடு என்று படித்துவிட்டால், அடுத்த ஆண்டு கிளை கழித்ததும் முற்றிய சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றதும் காடழிப்பாகத் தெரியும். அப்போது அந்த விவசாயி, தன் நிலம் 2020க்கு முன்பே தோட்டமாக இருந்தது என்று காட்ட வேண்டும். எதைக் கொண்டு காட்டுவார்? அவருடைய சொந்த நாட்டின் அதிகாரபூர்வ வனவரைபடமே அதை வனப்பரப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. உலக வரிசையில் மூன்றாமிடம் வாங்கித் தர உதவிய அதே வரையறை, தாண்டிக்குடி விவசாயிக்கு எதிரான சாட்சியாக மாற இடமிருக்கிறது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இக்கட்டுரையையே எழுதத் துணிந்தேன்.

காட்டில் தெரிவது வரையறையின் சிக்கல். பசியில் தெரிவது காலத்தின் சிக்கல்.

உலகப் பசிக் குறியீட்டில் இந்தியா 2023இல் 125 நாடுகளில் 111, 2024இல் 127இல் 105, 2025இல் 123இல் 102. குறியீட்டின் நான்கு உறுப்புகளில் மூன்று ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியவை: உயரத்துக்கேற்ற எடையில்லாத மெலிவு, வயதுக்கேற்ற உயரமின்மை, இறப்பு. குழந்தைகளை வைத்து நாட்டின் பசியை அளக்கலாமா என்று அரசு கேட்டது. கேட்கத்தக்க கேள்விதான். எனினும் மெலிவு 18.7 விழுக்காடு என்று குறியீடு சொல்வதை வெளியார் புனைவு என்று தள்ள வழியில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு என்னும் நம் சொந்த ஆய்வு அதை 19.3 என்று சொல்லியிருக்கிறது. அரசு எதிராகக் காட்டிய 7.2 விழுக்காடு, போஷன் செயலியில் அங்கன்வாடிப் பணியாளர்கள் பதிந்த எடையிலிருந்து வந்தது. ஒன்று வீடுகளைத் தேர்ந்து போய் அளந்தது. மற்றது மையத்துக்கு வந்த குழந்தையை அளந்தது. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் தாய் எஸ்டேட்டுக்குள் தங்கிவிட்டால், அவள் குழந்தை முதல் கணக்கில் விழ வாய்ப்புண்டு, இரண்டாவதில் விழாது.

நான்காவது உறுப்பான உணவுப் போதாமைதான் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டியது. உணவு வேளாண்மை அமைப்பு இதைக் கணக்கிட, குடும்பங்கள் உண்ணும் அளவு எவ்வளவு ஏற்றத்தாழ்வோடு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு நுகர்வுச் செலவு ஆய்வு தேவை. இந்தியா 2011–12க்குப் பிறகு நெடுநாள் அத்தகைய ஆய்வை வெளியிடவில்லை. 2017–18இல் எடுத்ததை 2019இல் தரம் போதாது என்று நிறுத்திவைத்தது. 2022–23 ஆய்வு வெளிவந்தபின், அவ்வமைப்பின் 2025ஆம் ஆண்டு அறிக்கையில் தெற்காசியாவின் நிலை மேம்பட்டுத் தெரிந்தது. இந்தியாவிலிருந்து வந்த புதிய தரவு அதற்கு முக்கியக் காரணம். இந்தியாவின் உணவுப் போதாமை 13.7 விழுக்காட்டிலிருந்து 12.0 ஆகப் பதிவானது. பல ஆண்டு மறுப்பறிக்கைகள் செய்யாததை வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு செய்தது. அப்போதும் நம் நிலை ‘கடுமையானது’ என்ற வகுப்பிலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நமக்குச் சாதகமான வரிசைகளை நாம் எப்படி ஏற்றோம் என்பதற்கு உலக வங்கியின் தொழில் புரியும் எளிமைக் குறியீடு உதாரணம். 142இல் இருந்து 63க்கு ஏறியதைக் கொண்டாடினோம். அந்த எண் மும்பையையும் தில்லியையும் மட்டும் பார்த்து உருவானது. சீனா உள்ளிட்ட சில நாடுகளின் தரவில் முறைகேடு வெளிப்பட்டபின் 2021 செப்டம்பரில் வங்கியே அக்குறியீட்டை நிறுத்தியது. தாண்டிக்குடியில் ஒரு பல்பர் வைத்துப் பழம் உரிக்க நினைப்பவருக்கு அந்த 79 படிகளின் ஏற்றத்தால் என்ன கிடைத்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

குறியீடுகளே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அன்று. 1990இல் மஹ்பூப் உல் ஹக் மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தபோது, அவரோடு உழைத்த அமர்த்தியா சென்னுக்கே ஒற்றை எண்ணில் நம்பிக்கையில்லை. தேசிய வருமானம் என்ற முரட்டு எண்ணை எதிர்க்க அதே அளவு எளிய இன்னொரு எண் தேவை என்று ஹக் வாதிட்டார். காலம் அவர் பக்கம் நின்றது. பள்ளிப்படிப்பும் ஆயுளும் அரசியல் பேச்சுக்குள் வந்ததில் அந்த எண்ணுக்குப் பங்குண்டு. 2025 அறிக்கையில் இந்தியாவின் மதிப்பு 0.685, இடம் 130, இலங்கை 0.776, இடம் 89. ஏற்றத்தாழ்வைக் கழித்தால் நம் மதிப்பில் 30.7 விழுக்காடு கரைந்துபோகிறது. நாடு என்ற அலகின் உள்ளே எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதை அக்குறியீடே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

மறைவு மாநிலத்தோடும் மாவட்டத்தோடும் நிற்பதில்லை. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாட்டின் வறுமை 2.20 விழுக்காடு, நாட்டுக்கு 14.96. பெருமைப்படத்தக்க எண். குடும்பநல ஆய்வு மாவட்டம் வரை இறங்குகிறது, அதற்குக் கீழே இறங்குவதில்லை. எனவே திண்டுக்கல் நகரமும் வத்தலக்குண்டும் கொடைக்கானல் வட்டத்து மலைக் குடியிருப்புகளும் ஒரே சராசரி. பழங்குடியினர் என்று தனியே பிரித்துப் பார்த்தாலும் பாதிதான் தெரியும். கீழ்ப் பழனியில் பளியரும் புலையரும் வாழ்கிறார்கள். பளியர் பட்டியல் பழங்குடி. புலையர் அரசுப் பட்டியலில் பட்டியல் சாதி. தங்களைப் பழங்குடியாக ஏற்க வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். அதே மலையில் அதே தோட்டவேலை செய்யும் புலையர் குழந்தையின் மெலிவு, பழங்குடிக் குழந்தைகளின் கணக்கில் சேராது. மாநிலமெங்கும் உள்ள பட்டியல் சாதிகளின் சராசரியில் கலந்துவிடும்.

செய்யக்கூடியவை தெரிந்தவைதான். வன அளவை நிறுவனம் நிழல் காப்பியைத் தனி அடுக்காகப் பிரித்து வெளியிடலாம். தோட்டப் பரப்பின் கணக்கு காப்பி வாரியத்திடம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால் நம் வனப்பரப்பு எண் குறையக்கூடும். குறையட்டும், விவசாயியின் கையில் 2020இன் நிலையைக் காட்டும் சான்று இருக்கும். குடும்பநல ஆய்வில் மலை வட்டங்களுக்குக் கூடுதல் மாதிரி எடுக்கலாம். 2011க்குப் பின் நடக்காத மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு சாதிவாரியாக நடக்கவிருக்கிறது. இதுவரை கிராம அளவில் பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி என்ற மொத்த எண்களே வெளிவந்தன. தனித்தனிச் சாதிகளின் எண்ணிக்கை மாவட்டத்தோடு நின்றுவிட்டது. இம்முறை அதைக் கிராமம் வரை வெளியிட்டால், கீழ்ப் பழனியில் எந்தக் குடியிருப்பில் எத்தனை புலையர் வீடுகள், எத்தனை பளியர் வீடுகள் என்பது முதன்முறையாக அச்சில் வரும்.