கர்ஜத் பாதையில் ஒரு வானம்

குளிர்காலத்தில் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடித்து, விடிய விடிய நட்சத்திரங்களைப் படம் எடுப்பது சமூக ஊடகம் கிளப்பிவிட்ட புது ஆசை என்று பேசப்படுகிறது. மும்பையிலிருந்து டோம்பிவிலியைத் தாண்டிப் போகும் ரயில் பாதையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கல்யாண், கர்ஜத் வழியாகப் போர் காட் ஏறிப் புனேக்கும் சோலாப்பூருக்கும் போகும் அந்தப் பாதையில் ஜேவூர் என்றொரு சிற்றூர் உண்டு. 1898 ஜனவரி 22 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் அவ்வூர் வழியே சென்றது. புனேயின் மகாராஜா தக்தசிங்ஜி ஆய்வுக்கூடத்தை நடத்திய கவஸ்ஜி நேகம்வாலா அங்கே முகாம் இட்டார். அமெரிக்காவின் லிக் ஆய்வுக்கூடத்திலிருந்து டபிள்யூ. டபிள்யூ. கேம்ப்பெல் 40 அடி நீளக் கேமராவோடு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டு நிமிட இருட்டுக்காகக் கண்டம் தாண்டிச் சுமந்து வந்த கேமரா அது! கூடாரம், வறண்ட வெளி, குளிர்காலத் தெளிவு, ஒளிப்படம் என இன்றைய பயணத்தின் அத்தனை அங்கமும் அன்றே கூடிவிட்டன.

அது பகல் நேர நிகழ்வு, சென்றவர்களும் அறிவியலாளர்கள், இன்றைய பொழுதுபோக்கோடு அதை எப்படி இணைப்பது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அவர்கள் நிழலைத் தேடிப் போனார்கள். இரவின் இருட்டைத் தேட வேண்டிய நிலை அன்று இல்லை. அந்தத் தேவையை உண்டாக்கியது நகரத்தின் மின்சாரம்தான். அது இருட்டை மட்டும் குலைக்கவில்லை. பம்பாயின் கொலாபாவில் 1826இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் பூமியின் காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அதன் மின்னோட்டம் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால் 1904இல் அந்த வேலையை அலிபாகுக்கு மாற்றினார்கள். இரண்டு ஆண்டுகள் இரு இடத்திலும் சேர்த்தே அளந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்பது அவர்களுடைய பொறுப்புக்குச் சான்று. இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் நகர மின்சாரமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சென்னையிலிருந்து ஆய்வுக்கூடம் 1899இல் கோடைக்கானலுக்குப் போனது சூரியனை ஆராய ஏற்ற தெளிந்த காற்றுக்காக. லடாக்கின் குளிர்ப்பாலைவனத்தில் உள்ள ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் தொலைநோக்கி நிறுவியதில் வறண்ட காற்றுக்கும் மேகமற்ற இரவுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆய்வுக்கூடங்கள் நகர்ந்ததற்குக் காரணங்கள் பல. சாதாரண மனிதர்கள் நகர்ந்ததற்கு மட்டும் காரணம் ஒன்றுதான்: வீட்டு மாடியிலிருந்து கார்த்திகைக் கூட்டத்தைக்கூட எண்ண முடியவில்லை.

இதற்கு மும்பையின் விடை வாங்கணி. ஹாலி வால்மீன் வந்த 1985–86 காலத்தில் உருவான ககோல் மண்டல் என்ற ஆர்வலர் அமைப்பு, கர்ஜத் பாதையில் பத்லாபூருக்கு அடுத்த அந்த ஸ்டேஷனைத் தன் இரவு முகாம்களுக்குத் தேர்ந்தெடுத்தது. மழைக்காலம் முடிந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் மாதங்களில், லோக்கல் ரயிலில் போய் இறங்கித் திருவாதிரையையும் மிருகசீரிடத்தையும் அடையாளம் கண்டு மறுநாள் காலை வீடு திரும்பலாம். பாலைவனப் பயணத்தைவிட இதை நான் மேலாக மதிக்கிறேன். ஹான்லேக்குப் போக விமானக் கட்டணமும் விடுப்பும் உடல் தெம்பும் வேண்டும்; வாங்கணிக்கு ஒரு டிக்கெட் போதும். பள்ளிப் பிள்ளைக்கு எட்டும் வானம் இதுதான்.

ஆனால் குடியிருப்புகள் அதே பாதையில் வாங்கணிக்கும் வந்துவிட்டன. வீடும் விளக்கும் மக்களுக்கு வேண்டும், இரவில் வேலை முடிந்து நடந்து வரும் பெண்ணுக்கு வெளிச்சம் பாதுகாப்பு என்பார்கள். மறுக்கவே முடியாது. ஆனால் அவளுக்கு வெளிச்சம் வேண்டியது தரையில். மூடியில்லாத விளக்கு மேலே இறைக்கும் ஒளி அவள் காலடிக்கு உதவுவதில்லை. 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஹான்லேயில் கிராமங்கள் இருட்டில் மூழ்கவில்லை. விளக்குக்கு மறைப்பும் சன்னலுக்குத் திரையும் போட்டார்கள். மக்கள் குறைந்த மலைநாட்டுக்குத்தான் இது சரிப்படும் என்றால், மகாராஷ்டிரத்திலேயே பெஞ்ச் புலிகள் காப்பகம் இருக்கிறது. அதைச் சுற்றிய ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகளைக் கீழ்நோக்கி ஒளிவிடும்படி மாற்றிய பிறகு, 2024இல் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்கா என்ற சர்வதேச அங்கீகாரம் அதற்குக் கிடைத்தது. அதே மாநில அரசின் ஆட்சிக்குள்தான் வாங்கணியின் தெருவிளக்குகளும் இருக்கின்றன.