பிந்துனுவெவ: பொலிஸார் முன்னிலையில் நடந்த கொலையும் நமக்குக் கிடைத்த நீதியும்



பொலிஸ்காரர் மீது குற்றச்சாட்டு வந்தால் சட்டம் அவரையும் நம்மையும் ஒன்றுபோல் நடத்துமா? இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பதுளை மாவட்டத்திலேயே, பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு வரலாறு கிடக்கிறது. இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000ஆம் ஆண்டு 41 தமிழ் இளைஞர்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள். புலிகள் இயக்கத்திலிருந்து வந்து சரணடைந்தவர்களும், சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒக்டோபர் 24 மாலை முகாமில் ஒரு தகராறு. இரவே பொலிஸ் வந்துவிட்டது. மறுநாள் காலை பெரும் கூட்டம் ஒன்று கத்தி, பொல்லுகளோடு உள்ளே புகுந்தது. 25க்கும் மேற்பட்டோர் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டார்கள்.

அந்த நேரத்தில் அங்கே ஆயுதத்தோடு நின்ற பொலிஸார் ஏறத்தாழ அறுபது பேர். அவர்கள் கடமையிலிருந்து பாரதூரமாகத் தவறினார்கள் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சில நாட்களிலேயே தனது இடைக்கால அறிக்கையில் சொன்னது.

பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

2001இல் நீதியரசர் குலதிலக்க தலைமையில் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அது விசாரித்து அறிக்கை கொடுத்தது. அரசாங்கம் அந்த அறிக்கையை மக்களுக்கு வெளியிடவில்லை.

நீதிமன்றத்தில் 41 பேருக்கு எதிராகக் குற்றப்பத்திரம் தாக்கலானது. கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். 2003 ஜூலை 1ஆம் திகதி ஐந்து பேருக்கு மரண தண்டனை. அதில் இருவர் பொலிஸ் அதிகாரிகள், மூவர் ஊர்க்காரர்கள். மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டு, 2005 மே மாதத்தோடு ஐவருமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். போதிய சாட்சியம் இல்லை என்பதுதான் உயர் நீதிமன்றத்தின் முடிவு.

சாட்சியம் போதாவிட்டால் விடுவிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கேள்வி, பட்டப்பகலில் இத்தனை பேர் முன்னால் நடந்த கொலைக்குச் சாட்சியம் ஏன் போதாமல் போனது என்பதுதான். சம்பவ இடத்தைக் காக்க வேண்டியவர்களும், ஆட்களைப் பிடிக்க வேண்டியவர்களும், வாக்குமூலம் எடுக்க வேண்டியவர்களும் பொலிஸார். குற்றம் சாட்டப்பட்டவர்களிலும் பொலிஸார்.

இதோடு இன்னொரு சட்டத்தையும் வைத்துப் பாருங்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலுள்ள ஒருவரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கலாம். சாதாரணச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஒரு தோட்டத்துப் பையனைச் சிறைக்கு அனுப்ப, பொலிஸ் எழுதிய அந்தத் தாள் போதும். பொலிஸ் அதிகாரியைத் தண்டிக்க அறுபது பேர் பார்த்திருந்தும் போதவில்லை. விசேட சலுகை என்று சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்காது. அது இப்படித்தான் இருக்கும்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 மே மாதம், நம் பதுளையிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன மூன்று பிள்ளைகளின் தாய், திருட்டு முறைப்பாட்டில் பிடிக்கப்பட்டு வெலிக்கடை பொலிஸ் காவலில் இறந்தார். ஒரு முறைப்பாடே அவரைக் கூண்டில் போடப் போதுமாக இருந்தது. பொலிஸாருக்கோ முதலில் கிடைத்தது இடமாற்றம்.

மேல்மட்டத்திலும் இதே நிலைதான். 2023 டிசம்பரில், ஒருவரைச் சித்திரவதை செய்ததில் தேசபந்து தென்னக்கோனுக்குப் பொறுப்பு உண்டு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டரை மாதத்தில் அவரே பொலிஸ் மா அதிபராக நியமனம் பெற்றார். ஆனால் 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் அவரைப் பதவியில் செயற்படவிடாமல் தடுத்தது. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது. ஆக, விடாமல் வழக்காடினால் அசைக்கவும் முடியும்.

கடைசியாக, தோட்டத்துப் பெற்றோருக்கு ஒரு விஷயம். பொலிஸார் அடித்தாலோ, காரணமில்லாமல் அடைத்து வைத்தாலோ அடிப்படை உரிமை மீறல் மனுவைக் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் அது எல்லோராலும் முடியாது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது. காயம் இருந்தால் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், எப்படி வந்த காயம் என்பதை வைத்தியரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். திகதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிந்துனுவெவ வழக்கில் இல்லாமல் போனது சாட்சியம். நம் கையில் இருப்பதையாவது தொலைக்காமல் வைத்துக்கொள்வோம்.