இளஞ்சிறார் இசைக் கல்வியும் அரசிறைப் பொருளும்

இளஞ்சிறார்க்கு முதல் வகுப்புக்களிலேயே இசை பயிற்றல் நன்றென்பதில் ஐயமுடையார் சிலரே. அதற்குரிய செலவை ஊர்ப் பொதுப்பொருளினின்று எடுத்தல் தகுமோ, தகுமாயின் எதனை அளவையாகக் கொண்டு வழங்குவது, என்னும் இவைபற்றியே மாறுபாடு நிகழ்கின்றது. இவ்வினாக்களைக் கருத்தளவில் நின்று ஆராய்தலினும், ஒரு தேசத்தார் இவற்றைக் கையாண்டு கண்ட பயனை வரலாற்று முறையில் நோக்குதல் சிறப்புடைத்து. இங்கிலாந்து தேசத்தில் 1839 முதல் 1900 வரை நிகழ்ந்த பள்ளி வரலாறு இதற்கு மிக ஏற்றது. என்னை? அங்கு அரசினர் பள்ளிப் பாட்டிற்கு இசைவு மட்டும் தந்தும், பொருள் மறுத்தும், பின்பு அளித்தும், அளித்ததனை இருவகையாகப் பகுத்தும் பார்த்தனர். ஒவ்வொரு நிலையிலும் சிறார் வாயிற் பாட்டு அதற்கேற்பத் திரிந்தது.

அளவை என்னும் சொல் நம் நூல்களிற் பெரிதும் பயில்வது. ஆண்டு அளவையானது உள்ள பொருளை உள்ளவாறு காட்டுமேயன்றித் தான் ஒரு பொருளைப் படைப்பதன்று. பொருள் வழங்கும் அரசினர் கொள்ளும் அளவையோ அத்தன்மைத்தன்று. அது தான் அளக்கும் பொருளைத் தானே விளைவிக்கும். அளவாத பொருளை வாடச் செய்யும். இவ்வேறுபாடே இக்கட்டுரையிற் காட்டப் புகுந்தது.

அந்நாட்டரசினர் ஏழைச் சிறாரின் கல்விக்கெனப் பொதுப்பொருளினின்று முதன்முதல் வழங்கியது 1833-ஆம் ஆண்டில் 20,000 பவுன். அது பள்ளிக் கட்டிடம் எழுப்புதற்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1839-இல் கல்விக்கென அரசவையுள் ஒரு குழு அமைந்தது. அதன் செயலாளராய் அமர்ந்தவர் ஜேம்ஸ் கே என்னும் மருத்துவர். ஏழைமக்களின் பள்ளிகளிற் பாட்டும் இடம்பெறுதல் வேண்டுமென்பது அவர் துணிபு. அக்காலத்துப் பாரிஸ் நகரில் வில்லெம் என்பார் பெருங்கூட்டமான மாணாக்கர்க்கு ஒருங்கே பாட்டுப் பயிற்றி வந்தார். அவரது முறையை ஆங்கிலப் பள்ளிகட்கு ஏற்ப அமைக்கும் பணி ஜான் ஹல்லா என்னும் இசைவல்லார்பால் ஒப்புவிக்கப்பட்டது. ஹல்லா 1840-இல் பாட்டர்ஸீ ஆசிரியப் பயிற்சிக் கழகத்தில் இதனைக் கற்பிக்கத் தொடங்கினார். 1841 பிப்ரவரி முதல் தேதியில் லண்டன் எக்ஸிடர் மண்டபத்திற் பள்ளியாசிரியர்க்கெனப் பெருவகுப்பொன்று திறந்தார். அரசினர் இதற்கு இசைவு தந்தனரேயன்றிச் செலவை ஏற்றிலர். வகுப்புக்கள் கற்பார் தரும் கட்டணத்தைச் சார்ந்தே நடந்தன. ஆயினும், சிறார்க்குப் பாட்டு வேண்டின் முன்னர் ஆசிரியனைப் பயிற்றல் வேண்டும் என்னும் முறையை அவர்கள் கண்டுகொண்டமை பாராட்டற்பாலது.

ஹல்லாவின் முறையில் ஒரு குறை இருந்தது. நம் மரபில் குரல் அல்லது சட்சம் என்பது நிலையான ஓர் ஒலியன்று. பாடுவோன் தன் மிடற்றிற்கேற்பக் கொள்ளும் ஆதார சுருதியே குரலாம். துத்தம் முதலிய ஏனை ஆறும் அதனோடு தாம் கொண்ட உறவினாலே பெயர் பெறும். ஹல்லா கொண்ட முறையிலோ ‘டோ’ என்பது எஞ்ஞான்றும் ஒரு குறித்த ஒலிக்கே பெயராய் நின்றது. பாட்டின் ஆதாரம் மாறினும் பெயர் மாறாது. ஆகலின் முதற்பாடங்கள் எளியவாய்த் தோன்ற, ஆதாரம் மாறும் பாடங்கள் வந்தவழி மாணாக்கர் இடர்ப்பட்டுக் கலைந்தனர்.

இக்குறையில்லாத வேறொரு முறை அரசினர் உதவியின்றியே நாரிச் நகரில் வளர்ந்துகொண்டிருந்தது. சாரா குளோவர் (1786 - 1867) என்னும் அம்மையார், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சிறார்க்குப் பாட்டுப் பயிற்றும்பொருட்டு, ஆதாரத்தோடு உடன்மாறும் சுரப்பெயர்களைக் கொண்டு ஒரு முறை வகுத்து, 1835-இல் நூலாகவும் வெளியிட்டார். 1841-இல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியாசிரியர் மாநாடு ஒன்று, சிறார்க்கு ஏற்ற பாட்டுமுறை யாதென ஆராய்ந்து கூறுமாறு ஜான் கர்வென் (1816 - 1880) என்னும் போதகரை வேண்டிற்று. கர்வென் இசைப்புலவரல்லர், அம்மையாரின் நூலைக் கொண்டே தாம் பாடக் கற்றவர். தமக்கு வழிகாட்டிய அம்முறையையே திருத்தியும் விரித்தும் ‘டானிக் சோல்பா’ என்னும் பெயரால் நாடெங்கும் பரப்பினார். 1857-இல் கிரிஸ்டல் பாலஸ் மாளிகையில் அம்முறை பயின்ற ஏறத்தாழ 3,000 சிறார் ஒருங்கு பாடினர். 1869-இல் ஆசிரியரைப் பயிற்றித் தகுதிச் சான்று அளிக்கும் கழகமும் அமைந்தது.

இம்முறையின் சிறப்பு ஏழைப் பள்ளிக்கு அது தகுந்திருந்தமையே. சுரப்பெயரின் முதலெழுத்தை வரிசையாக நிறுத்திப் புள்ளியும் கோடுமிட்டுத் தாளத்தைக் காட்டுவர். ஏறக்குறைய நாம் ச, ரி, க, ம எழுதுமாறு போல்வது அது. அதற்கெனத் தனியே இசையச்சு வேண்டா. பத்திரிகை அச்சிடும் எழுத்துக்களே போதும். இசைக் கருவியும் வேண்டா. சுரங்களை மேலும் கீழுமாக எழுதிய படம் ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, ஆசிரியர் கோலாற் சுட்டச் சுட்டச் சிறார் பாடுவர். படமின்றிக் கைக்குறியாற் சுரம் உணர்த்தும் வழியும் உண்டு.

இனி அரசினர் செயலை நோக்குவாம். 1862-ஆம் ஆண்டில் ராபர்ட் லோ என்பார் கல்வி உதவிப் பொருளுக்குப் புதுவிதி வகுத்தார். ஆறு வயதிற்கு மேற்பட்ட சிறுவன் ஒருவன்பொருட்டுப் பள்ளி பெறத்தக்கது 12 ஷில்லிங். அதனுள் 4 ஷில்லிங் வருகைக்கு உரியது. எஞ்சிய 8 ஷில்லிங் படிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் அவன் தேர்வதனைப் பொறுத்தது. ஒன்றில் தவறின் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். ஆறு வயதிற்குட்பட்டார்க்குத் தேர்வில்லை. வருகைபற்றியே 6 ஷில்லிங் 6 பென்ஸ் வழங்கப்பெற்றது.

இவ்விதி பாட்டைத் தடுக்கவில்லை. பாட்டின் பெயரைச் சொல்லவுமில்லை. ஆயினும் ஆசிரியரின் ஊதியம் பெரும்பாலும் அம்மூன்று தேர்வையே சார்ந்து நின்றமையின், பாட்டிற்குச் செலவிடும் ஒவ்வொரு நாழிகையும் பள்ளிக்கு இழப்பாகக் கருதப்பட்டது. தேர்வில்லாத சின்னஞ்சிறார் பாடிக்கொண்டிருக்க, மேல்வகுப்பினர் வாயடைத்துக் கணக்கிட்டனர். பள்ளிப் பரிசோதகராய் 35 ஆண்டு பணிபுரிந்த புலவர் மாத்தியூ ஆர்னால்ட், கல்வியை இவ்வாறு இயந்திரமாக்குதல் கூடாதென வெளிப்படையாகவே கண்டித்தார். விலக்காமலே ஒன்றனை விலக்குதற்கு, அதற்குப் பொருளின்மையே போதுமென்பது இதனாற் போதரும்.

1870-இல் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியபின், இசையன்பர் முறையிட்டதன் பயனாக 1872-இல் விதி மாறிற்று. பாட்டு ஒரு பாடமாக நடவாத பள்ளிக்குச் சராசரி வருகையின்படி தலைக்கு ஒரு ஷில்லிங் குறைக்கப்படும் என்பது புதுவிதி. பின்னர் அது பாட்டிற்குரிய உதவியாகவே வழங்கலாயிற்று. ஹல்லாவே பயிற்சிக் கழகங்கட்கு இசைப் பரிசோதகராய் அதே ஆண்டில் அமர்த்தப்பட்டார். ஒரு ஷில்லிங் இழக்க எப்பள்ளி விரும்பும்? வாயடைத்திருந்த வகுப்புக்கள் மீண்டும் பாடத் தொடங்கின. ஆனால் எத்தகைய பாட்டு? பரிசோதகர் வரும் நாளிற் பாடிக்காட்டச் சில பாட்டுக்களை ஆசிரியர் பலகாற் சொல்லச் சிறார் கிளிபோல் திருப்பிச் சொல்லினும் அந்த ஷில்லிங் கிடைத்துவிடும். பாட்டு உண்டோ இல்லையோ என்பதையே அளவை கேட்டது. ஆகலின் பெயரளவிற் பாட்டே பலவிடத்தும் விளைந்தது.

இதனைக் கண்டு 1882-ஆம் ஆண்டு விதி அந்த ஷில்லிங்கை இரண்டாகப் பகுத்தது. சுரங்கண்டு பாடக் கற்பிக்கும் பள்ளிக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங். செவிவழி மட்டும் கற்பிக்கும் பள்ளிக்கு 6 பென்ஸ், அஃதாவது அரை ஷில்லிங். அவ்வாண்டிலேயே ஹல்லாவின் இடத்திற்கு ஜான் ஸ்டெயினர் பரிசோதகராய் வந்தார். அதன்பின் சுரங்கண்டு பாடும் பள்ளிகள் பெருகின. அவற்றுட் பெரும்பாலன தழுவியது கர்வெனின் முறையையே. அங்ஙனம் பயின்ற தொழிலாளர் மக்கள் வளர்ந்து, ஊர்ப் பாடற்குழுக்களிற் சேர்ந்து, ஹாண்டெல் இயற்றிய ‘மெசாயா’ முதலிய பெரும்பாடல்களைச் சோல்பா எழுத்திற் பதிப்பித்த படிகளைக் கைக்கொண்டு பாடினர்.

ஈண்டு ஒரு கடா எழும். செவிவழிக் கல்வி அரைமதிப்புடையதோ? தேவாரப் பண்கள் ஓதுவார் மரபிற் செவிவழியே வழங்கி வந்தனவன்றோ? எனின், அறியாது கூறினாய், இரண்டும் ஒன்றல்ல. ஓதுவார் மரபிற் செவிவழியென்பது ஆசானை அடுத்துப் பல்லாண்டு பயின்று, பண்ணின் வடிவைத் தன்னுட் கொண்டு, கேளாத பதிகத்தையும் அப்பண்ணிற் பாடவல்லனாதல். 6 பென்ஸ் பெற்ற செவிவழியோ நாலைந்து பாட்டை நாட்குறித்து உருப்போடுதல். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. மற்று, கர்வென் முறையிற் சுரம் என்பது ஆதாரத்தோடு கொண்ட உறவாகலின், அதனைக் கற்பவன் கண்ணோடு செவியையும் பயிற்றுகின்றான். ஆயினும் அரசினர் விதி இவ்வேறுபாட்டை ஆராய்ந்து எழுந்ததன்று. ஆசானின் ஆழ்ந்த செவிப்பயிற்சியையும் உருப்போட்ட பாட்டையும் ஒரே அரைக்காசின்கீழ் அடக்கிவிட்டது. எண்ணற்கு எளியதே எண்ணப்படுதல் இத்தகைய விதிகட்கு இயல்பு.

அற்றேல், அளவையின்றிப் பொதுப்பொருளை வாரி வழங்கலாமோ? குடிகளின் வரிப்பொருள் பயனின்றிக் கழியாதோ? எனின், இவ்வாசங்கை புறக்கணித்தற்குரியதன்று. லோ என்பார் கருத்தும் இதுவே. செலவு மிகுமாயின் பயன் உறுதியாதல் வேண்டும் என அவர் வாதித்தது முற்றும் பிழையன்று. மேலும் 1882-ஆம் ஆண்டு விதி நற்பயன் விளைத்ததென்பதும் உண்மை. ஆயின் அப்பயன் ஷில்லிங் ஒன்றினாலே மட்டும் விளைந்ததோ என ஆராய்தல் வேண்டும். அதற்கு முன் நாற்பதாண்டு குளோவரும் கர்வெனும் முறையை வகுத்து, ஆசிரியரைப் பயிற்றி, எளிய விலையிற் பாட்டுச்சுவடியும் சுரப்படமும் ஆக்கிவைத்திருந்தனர். காரணம் முன்னரே நிறைந்திருந்தமையாற் காரியம் விரைந்து தோன்றிற்று. ஆசிரியரும் படமும் இல்லாதவிடத்து அந்த ஷில்லிங், ஆண்டிற்கொருநாள் பாடிக்காட்டும் பாட்டையன்றி வேறெதனை வாங்கியிருக்கும்?

ஆகவே, பொதுப்பொருளை இருவாற்றான் வழங்கலாம் என்பது பெறப்படும். ஒன்று காரணத்திற்கு அளித்தல். அஃதாவது பயின்ற ஆசிரியர், வாரந்தோறும் உரிய நேரம், கருவி, சுவடி என்பவற்றிற்கு அளித்தல். மற்றொன்று காரியத்திற்கு விலை கூறுதல். அஃதாவது குறித்த நாளிற் சிறுவன் காட்டும் தேர்ச்சிக்குத் தலையெண்ணிக் கொடுத்தல். முன்னையது மெல்லப் பயக்கும். ஆராய்ச்சி அதற்கும் வேண்டும். பின்னையது விரைந்து பயக்கும். ஆனால் காட்டத்தக்கதனையே பயக்கும். ஆங்கிலேயரும் இதனை உணர்ந்து, 1890-இல் தேர்ச்சிக்கு விலை கூறும் முறையிற் பெரும்பகுதியைக் கைவிட்டு, 1900-இல் பள்ளிக்கு ஒருங்கே உதவிப்பொருள் வழங்கும் முறைக்கு வந்தனர்.

குளோவர் அம்மையார் இட்ட வித்து வேறொரு நாட்டிலும் முளைத்தது. ஹங்கேரி தேசத்து இசைப்பேரறிஞர் கோடாய், இங்கிலாந்திற் பாடற்குழுவினரின் பயிற்சியைக் கண்டு, ஆதாரத்தோடு மாறும் அச்சுரப்பெயர்களையும் கைக்குறிகளையும் தம் நாட்டு நாட்டுப்பாடல்களோடு இயைத்துக்கொண்டார். 1950-இல் அவர் பிறந்த ஊராகிய கெச்கெமேட்டில், நாடோறும் பாட்டு நிகழும் தொடக்கப்பள்ளி அரசினர் பொறுப்பில் திறக்கப்பட்டது. அங்குப் பாட்டு ஆண்டிற்கொருநாள் பரிசோதகர்முன் விற்கும் சரக்காகாமல், கணக்கும் எழுத்தும் போல் அன்றாடப் பாடமாயிற்று. அதற்கென ஆசிரியரும் நேரமும் ஒதுக்கப்பட்டன.

இஞ்ஞான்று எந்நாட்டிலாயினும் இளஞ்சிறார் இசைக்கெனப் பொதுப்பொருள் ஒதுக்குவார் முதலில் வினாவத்தக்கது, எத்துணைப் பொருள் என்பதன்று, எதன்பொருட்டு என்பதே. பாட்டு என்னும் சொல்லை விதியில் எழுதிவிட்டுத் தலைக்கு இத்துணையென அளப்பின், அச்சொல்லே விளையும். பாடவல்ல ஆசிரியன் ஒருவனை ஒவ்வொரு முதல் வகுப்பிற்கும் அளிக்கப் பொருள் செலவிடின், பாட்டு விளையும்.