வாய் குழறுதா? முதல்ல சுகர் பாருங்க! நர்சிங் மாணவ-மாணவிகளுக்கு டிப்ஸ்

ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியை பெரும்பாலும் முதலில் பார்ப்பது நர்சுதான். டாக்டர் வருவதற்குள் நர்சு கவனித்து சொல்லும் ஒரு விஷயம் உயிரையே காப்பாற்றி விடும். ஆனால் நோயாளிகள் பாட புத்தகத்தில் உள்ளபடி பேச மாட்டார்கள். "தலை சுத்துது", "கை மரத்துப் போச்சு", "ஒரே அசதியா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து நோயை கண்டுபிடிப்பது எப்படி? இதோ விவரம்:-

சர்க்கரை நோய்

அடிக்கடி சிறுநீர் போவது, அடங்காத தாகம், நல்லா சாப்பிட்டும் எடை குறைவது, ஆறாத புண் ஆகியவை அறிகுறிகள். வெறும் வயிற்றில் ரத்த சர்க்கரை 126 மி.கி. அல்லது அதற்கு மேல், எச்.பி.ஏ.1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மறுபடியும் ஒரு டெஸ்ட் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

வாந்தி, வயிற்று வலியோடு மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறதா? மூச்சில் பழ வாசனை அடிக்கிறதா? சாதாரண வயிற்று வலி என்று விட்டு விடாதீர்கள். இது கீட்டோஅசிடோசிஸ் ஆக இருக்கலாம். உடனே டாக்டரை கூப்பிடுங்கள்.

லோ சுகர்

மாத்திரை போட்டுட்டு அல்லது இன்சுலின் போட்டுட்டு சாப்பிடாமல் இருந்தவர்களுக்கு இது வரும். சர்க்கரை 70 மி.கி.க்கு கீழே போய்விடும். குப்பென்று வியர்க்கும், கை நடுங்கும், படபடப்பு வரும். இன்னும் குறைந்தால் பேச்சு குழறும், சம்பந்தம் இல்லாமல் பேசுவார்கள். பார்ப்பவர்கள் "குடிச்சிருக்கான்" என்று கூட நினைப்பது உண்டு.

நினைவு இருந்து, விழுங்க முடிந்தால் 3 டீஸ்பூன் (15 கிராம்) சர்க்கரையை தண்ணீரில் கரைத்து கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சுகர் பார்க்க வேண்டும். மயங்கி கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் சொல்படி குளுக்கோசை ரத்தக் குழாய் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

பக்கவாதம்

சிரிக்க சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும். இரண்டு கையையும் தூக்க சொன்னால் ஒரு கை கீழே இறங்கும். பேச்சு குழறும். இவை திடீரென வந்தால் பக்கவாதம் என்றே எடுத்துக் கொள்ள வேண்டும்.

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். லோ சுகரும் சில நேரம் பக்கவாதம் மாதிரியே கை, காலை இழுத்து விடும். அதனால் முதலில் விரல் நுனியில் ரத்தம் எடுத்து சுகர் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

சுகர் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்பது. ரத்தக் கட்டியை கரைக்கும் ஊசியை பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப் போன நேரத்தில் இருந்துதான் கணக்கு. வீட்டில் எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும். மூளையில் அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். அதற்கு முன் ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் தண்ணீர், காபியும் கூடாது.

தைராய்டு

சுரப்பு குறைந்தால் அசதி, எடை கூடுவது, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், நாடித் துடிப்பு குறைவு இருக்கும். சுரப்பு அதிகமானால் எடை குறையும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். நடுக்கமும் வியர்வையும் லோ சுகரிலும் உண்டு. எனவே இங்கும் சுகர் பார்ப்பது நல்லது.

அட்ரினல்

ஆஸ்துமா, மூட்டு வலிக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் அதை திடீரென நிறுத்தினால் வாந்தி, சோர்வு வந்து பிரஷர் குறைந்து மயங்கி விழலாம். "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க, எப்ப நிறுத்தினீங்க?" என்று கேட்க மறக்காதீர்கள்.

மொத்தத்தில் சுகர் அளவு, கடைசியாக நன்றாக இருந்த நேரம், சாப்பிடும் மாத்திரை ஆகிய மூன்றையும் கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தாலே டாக்டருக்கு பாதி வேலை முடிந்த மாதிரி.