மானிப்பாயில் கிறீன் ஆற்றிய மருத்துவத் தொண்டு

தோற்றுவாய்

தமிழுக்குக் கிறித்தவ ஊழியர் ஆற்றிய பணியை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அகராதி, இலக்கணம், காவியம், உரைநடை என்னும் துறைகளையே எடுத்துக்கொள்வர். வீரமாமுனிவர், போப்பையர், கால்டுவெல், வின்சுலோ ஆகிய பெயர்கள் இத்துறைகளிற் பலகாற் பேசப்பட்டுள்ளன. ஆயின், நாள்தோறும் நோயாளர் நடுவே நின்று, புண்ணைக் கழுவியும் மருந்தைக் கலந்தும், எஞ்சிய பொழுதில் மாணவர்க்குப் பாடம் சொல்லியும், இரவில் நூல் பெயர்த்தும் வாழ்ந்த ஒருவருடைய தொண்டு, அத்துணை விரிவாக ஆராயப்பெற்றதன்று. அவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவராய் விளங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார்.

சமயத்தொண்டு என்பது பிரசங்க மேடையில் மட்டும் நிகழ்வதா, அன்றி அன்றாடத் தொழிலின் நேர்மையிலும் நிகழ்வதா என்னும் வினாவுக்குக் கிறீனுடைய வாழ்க்கை ஒரு விடையாக அமைகின்றது. அவ்விடையை அவர்தம் செயல்களிலிருந்து வருவித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலமும் களமும்

அமெரிக்க மிஷன் ஊழியர் யாழ்ப்பாணத்தில் வந்து நிலைகொண்ட ஆண்டு 1816. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் முதலிய ஊர்களில் அவர்கள் பள்ளிகளையும் கோயில்களையும் நிறுவினர். 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி உயர்கல்வி வழங்கியது. 1841-இல் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை வெளிவரலாயிற்று. மருத்துவத் துறையிலும் அவர்கள் தொடக்கந்தொட்டே கருத்துச் செலுத்தினர். டாக்டர் ஜோன் ஸ்கடர் 1820 முதலாகப் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்தனர். அவருக்குப் பின் டாக்டர் நேதன் வார்டு அப்பணியைத் தொடர்ந்தனர்.

யாழ்ப்பாணம் மருத்துவ அறிவில்லாத நிலமாய் அக்காலத்திருந்தது எனக் கருதுதல் தவறாகும். ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்து எழுந்தனவாகக் கூறப்படும் ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ என்னும் மருத்துவ நூல்களைப் பரம்பரை வைத்தியர் போற்றிப் பயின்றுவந்தனர். மூலிகை மருந்துகளிலும் நாடி பார்ப்பதிலும் அவர்கள் வல்லவராயிருந்தனர். ஆனால், அறுவை மருத்துவத்திலும், இடர்ப்பட்ட பிரசவங்களிலும், வாந்திபேதி போன்ற கொள்ளை நோய்களிலும் மக்கள் பெருந்துன்பம் எய்தினர். புதிய மருத்துவத்துக்கு இடமிருந்தது இத்துறைகளிலேயாம்.

கிறீனின் வருகை

கிறீன் 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845-இற் பட்டம் பெற்றவர். நியூயோர்க் நகரத்து நடுப்பூங்கா உருவாவதற்கு முன்னின்று உழைத்த அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் இவருடைய உடன்பிறந்தார். தாய்நாட்டில் நல்வாழ்வுக்கு வழியிருந்தும், கிறீன் 1847-இற் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். சிறிது காலம் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848-இல் மானிப்பாயை உறைவிடமாகக் கொண்டனர்.

இவ்விடத்து ஒரு காலவொப்புமையைக் குறித்தல் தகும். சைவமும் தமிழும் தழைக்க உழைத்த நல்லூர் ஆறுமுகநாவலர் பிறந்ததும் 1822-ஆம் ஆண்டே. அவர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் 1848-ஆம் ஆண்டே. சில கல் தொலைவுக்குள், சமயத்தால் மாறுபட்ட இருவர், ஒரே காலத்தில், ஒரே மொழியைக் கருவியாகக் கொண்டு பொதுமக்களை நோக்கிப் பணிபுரிந்தனர். ஒருவர் சைவ நூல்களை எளிய வசனத்தில் எழுதினர். மற்றவர் மருத்துவ நூல்களை வசனத்தில் ஆக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் இவ்விரு முயற்சிகளையும் ஒருசேர நோக்குதல் வேண்டுமென்பது நம் கருத்து.

அன்றாடப் பணி

மானிப்பாய் மருந்துச்சாலையில் நோயாளர் கூடுமிடத்து வேதவாசகமும் செபமும் நிகழ்வது வழக்கம். அதன்பின்னர் மருந்து வழங்கப்பெறும். சமயம் மாறுதற்குரிய தூண்டிலாக மருந்தைக் கொண்டனர் என இதனை வைத்துச் சிலர் ஐயுறலாம். மிஷன் மருத்துவத்தை நிறுவியோர் சமயப்பரப்பலையும் நோக்கமாகக் கொண்டிருந்தனர் என்பதை மறைத்தல் ஆராய்ச்சி நெறியாகாது. கிறீனும் அந்நோக்கத்தை ஒளித்தவரல்லர். ஆயினும் அங்கு மருந்து பெற்றோருட் பெரும்பாலோர் சைவராகவே வந்து சைவராகவே திரும்பினர் என்பதும், அதனால் மருந்து நிறுத்தப்பட்டதில்லை என்பதும் உடனெண்ணத்தக்கன. தம் சமயத்தை வெளிப்படையாகச் சொல்லுதலும், சொன்னதை ஏலாதார்க்கும் குறைவின்றிப் பணிசெய்தலும் ஒருங்கே நிகழ்ந்தவிடத்து, அத்தொண்டினை நேர்மையுடையது என்றே கொள்ளல் வேண்டும்.

வாந்திபேதி பரவிய காலங்களிலே அவர்தம் பணி மருந்துச்சாலையைக் கடந்து சென்றது. அந்நோயைத் தடுக்கும் முறையையும் மருந்தூட்டும் முறையையும் தமிழிற் சிறு பிரசுரங்களாக அச்சிட்டு மக்களுக்கு வழங்கினர். மருத்துவர் ஒருவர் எத்தனை வீடுகளுக்குச் செல்லவியலும்? அச்சிட்ட தாளோ அவர் செல்லாத வீட்டுக்கும் செல்லும். மருத்துவ அறிவை மக்கள் மொழியிலாக்கும் எண்ணம் அவரிடத்து வேரூன்றியதற்கு இத்தகைய அனுபவங்களே காரணமாதல் வேண்டும் என நாம் ஊகிக்கின்றோம்.

தமிழில் மருத்துவக் கல்வி

கிறீன் 1848 முதலாகவே மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவம் பயிற்றினர். முதலில் அக்கல்வி ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. ஆங்கிலக் கல்வியின் விளைவைப்பற்றி மிஷனுக்குள்ளேயே அக்காலத்து வாதம் எழுந்தது. வட்டுக்கோட்டையில் உயர்கல்வி கற்றோர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். சமயப்பணிக்கும் ஊர்ப்பணிக்கும் எஞ்சினோர் சிலரே. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு இதனை ஆராய்ந்ததன் பின்னர், 1855-இல் அச்செமினரி மூடப்பட்டது.

மருத்துவ மாணவரிடத்தும் இதுவே நிகழ்ந்தது. ஆங்கிலத்திற் பயின்ற மருத்துவனுக்கு அரசாங்கச் சம்பளமும் தூரத்து உத்தியோகமும் காத்திருந்தன. கிராமத்து ஏழைக்கோ அவன் எட்டாதவனாயினன். இதனை நன்குணர்ந்த கிறீன், தாய்நாடு சென்று 1862-இல் மணம்புரிந்து மீண்டபின், 1864-இல் மருத்துவ வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கினர். அவரிடம் பயின்றோர் தொகை 60-க்கு மேற்பட்டது. அவருள் 33 பேர் தமிழிற் பயின்றோர். மேலை மருத்துவம் முழுவதும் தமிழ்மொழி வாயிலாக முறைப்படப் பயிற்றப்பெற்றமைக்கு இது முதற் சான்றாகக் கொள்ளத்தக்கது.

மாணவர் ஐரோப்பிய உடையையும் நடையையும் மேற்கொள்ளுதலைக் கிறீன் விரும்பிலர். அவர் வேண்டியது கிறித்தவராகிய தமிழரை. ஐரோப்பியராய் மாறிய தமிழரையன்று. மிஷன் பள்ளிகளிற் பொருளுதவிய அமெரிக்கருடைய பெயர்களை மாணவர்க்கு இடும் வழக்கம் பரவியிருந்த காலத்தில் இக்கருத்து எழுந்தமை நோக்கத்தக்கது. நோயாளன் தன்னைப்போல் உடுத்து, தன்னைப்போற் பேசும் மருத்துவனிடத்தே தன் நோயை அச்சமின்றி உரைப்பான் என்பது எவரும் அறிந்ததே.

நூலாக்கம்

தமிழிற் பயிற்றுதற்குத் தமிழில் நூல் வேண்டுமன்றோ? கற்றற் எனும் அமெரிக்கர் எழுதிய நூலைத் தழுவி ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1852-இல் வெளிவந்தது. உடலமைப்பு, உடற்றொழில், உடல்நலம் பேணுதல் என்னும் மூன்றையும் அப்பெயர் முறையே குறிக்கின்றது. 1857-இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867-இல் ‘இரண வைத்தியம்’, 1872-இல் ‘வைத்தியாகரம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’ எனப் பின்னரும் நூல்கள் தொடர்ந்தன. கிறே என்பாரின் புகழ்பெற்ற உடலமைப்பு நூலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரோடு தமிழுருப் பெற்றது. இவையனைத்தும் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களைக் கடக்கும்.

இந்நூல்களைக் கிறீன் தனியே ஆக்கினார் எனக் கூறுதல் பொருந்தாது. சாப்மன், டான்வேர்த், சுவாமிநாதன் முதலிய அவர்தம் மாணவர் மொழிபெயர்த்தனர். கிறீன் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினர். மாணவர் உழைப்பை நூல்களின் முகப்பிலே குறிப்பித்தமை அவருடைய நடுவுநிலைமைக்குச் சான்றாகும்.

கலைச்சொல்லாக்கத்தில் அவர்கள் எதிர்ப்பட்ட இடர் சிறிதன்று. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுதும். ‘நரம்பு’ என்னும் சொல் தமிழிற் பண்டுதொட்டுப் பல பொருள்பட வழங்குவது. யாழின் தந்தியும் நரம்பு, உடலிற் புடைத்துத் தோன்றும் குருதிக்குழாயும் நரம்பு, தசைநாரும் நரம்பு, உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் இழையும் நரம்பு. செய்யுளில் இப்பன்மை இடர் செய்யாது. கத்தியை ஏந்தி நிற்கும் மாணவனுக்கோ ஒரு சொல் ஒரு பொருளையே தருதல் வேண்டும். பொருள் மயங்குமாயின் உயிர் மயங்கும். ஆதலின் மொழிபெயர்ப்பாளனுடைய சொன்னேர்மை மருத்துவனுடைய கைந்நேர்மையோடு ஒப்பதாயிற்று.

தமிழ் நூல் வழக்கிலும் மக்கள் வழக்கிலும் உள்ள சொற்களைத் தேடுதல், வடசொற்களைக் கொள்ளுதல், இவை உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயையத் திரித்து வழங்குதல் எனப் பல வழிகளை அவர்கள் கையாண்டனர். ‘கெமிஸ்தம்’ என்பது இறுதிவழிக்கு எடுத்துக்காட்டு. இக்கால நோக்கில் வடசொல் மிகுதி குறையாகத் தோன்றும். எனினும் அக்காலத்து யாழ்ப்பாணத்து மருத்துவ வழக்கிலேயே வடசொல் மிக்கிருந்தமையின், மாணவனுக்கும் வைத்தியனுக்கும் பழகிய சொற்களையே அவர்கள் கொண்டனர் எனல் வேண்டும். ஆக்கிய சொற்களைத் தொகுத்துச் சொற்றொகுதிகளாகவும் வெளியிட்டனர். பின்வருவோர் மீண்டும் முதலிலிருந்து தொடங்காதிருத்தற்கு அது வழி செய்தது.

பணியின் இறுதியும் பின்விளைவும்

உடல் தளர்ந்து கிறீன் 1873-இல் தாய்நாடு திரும்பினர். இத்துடன் தமிழ்ப்பணி முடிந்திருக்கலாம். முடிந்ததாயினும் அவரைக் குறைகூறுவார் இலர். ஆயினும் ஊஸ்டரிலிருந்தே கடல்கடந்த அஞ்சல் வழியாக மொழிபெயர்ப்புகளைத் திருத்தும் பணியை அவர் தொடர்ந்தனர். 1883-இல் ‘மனுஷ சுகரணம்’ வெளிவந்தது. ‘இந்து பதார்த்த சாரம்’ வெளிவந்த 1884-ஆம் ஆண்டிலேயே அவர் உயிர்நீத்தனர். தமிழர்க்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்னும் பொருள்பட அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. பிறந்த ஊரிற் புதைக்கப்பட்டவர், வேற்றுநாட்டு மக்களின் பெயராலேயே தம்மை அறிவித்துக்கொண்டனர்.

இப்பணி நிலைபெறாமைக்கு உரிய காரணங்களையும் கூறுதல் வேண்டும். கொழும்பில் 1870-இல் அரசாங்க மருத்துவப் பள்ளி தோன்றியது. அங்குக் கல்வி ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. அங்குப் பயின்றோர்க்கே அரசாங்கப் பதவி எளிதிற் கிட்டியது. மானிப்பாயில் தமிழிற் பயின்றோர்க்கு ஊரில் மதிப்பிருந்தும், அரசாங்கத்தின் ஆதரவு அதற்கேற்ப வளரவில்லை. கிறீன் நீங்கிய சில ஆண்டுகளில் தமிழ் மருத்துவக் கல்வி அருகி நின்றது. ஒருவருடைய உறுதியால் எழுந்த முயற்சி, அரசும் நிறுவனமும் தாங்காவிடத்து நெடிது நில்லாது என்பதனை இது காட்டுகின்றது. மானிப்பாயிலுள்ள மருத்துவமனை மட்டும் கிறீன் நினைவு மருத்துவமனை என்னும் பெயரோடு விளங்குகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, கிறீனுடைய சமயவூக்கம் அவருடைய தொழிற்றிறனுக்குப் பதிலாக நின்றதன்று. திருந்தச் செய்தலையே அவர் வழிபாடாகக் கொண்டமையின், வேதவாசகம் முடிந்தபின் மருந்தளவும் பிழையாதிருந்தது. இரண்டாவது, தொண்டு செய்வோன் தன் மொழிக்குப் பிறரை அழையாது பிறர் மொழிக்குத் தான் சென்றமை, ஏழைக்கும் அறிவுக்கும் இடைநின்ற சுவரைத் தகர்க்க முயன்ற செயலாகும். மூன்றாவது, தம் மாணவரைத் தம் நிழலாக்காது தமக்குப்பின் நிற்பவராக்கினமை அவருடைய தொண்டின் தன்னலமின்மையைப் புலப்படுத்துகின்றது.

தமிழில் மருத்துவம் பயிற்றவியலுமோ என இன்றும் வினவுவார் உளர். அவ்வினாவை எழுப்புமுன், 1864-இல் மானிப்பாயில் ஒரு வகுப்பு நடந்தது என்பதனையும், அவ்வகுப்பில் 33 பேர் கற்றனர் என்பதனையும், அவர்கள் ஓதிய நூல்கள் அச்சேறியுள்ளன என்பதனையும் அவர்கள் அறிதல் நலம். அந்நூல்களுட் பல கிடைத்தற்கு அரியவாயின. எஞ்சியுள்ள பிரதிகளைத் தேடித் தொகுத்து, அவற்றின் கலைச்சொற்களை முறையாக ஆராய்ந்து வெளியிடுதல் தமிழ்த்துறையினர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாம்.