கணிதமும் தோழமையும்

கணிதம் தனித்திருந்து செய்யும் தவம் என்பது பலரது எண்ணம். அறையின் மூலையிலே தலை கவிழ்ந்து, உலகை மறந்து கணக்குப் போடும் ஒருவரின் சித்திரம் நம் மனத்திலே ஆழப் பதிந்துவிட்டது. வரலாறு கூறும் செய்தியோ வேறு. ஒருவர் வினா எழுப்ப, மற்றொருவர் விடை தேட, மூன்றாமவர் அந்த விடையின் குறையை எடுத்துக்காட்ட வளர்ந்த கலை இது.

இக்கூற்றுக்குச் சான்று தேடிக் கிரேக்கத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் கல்முனைக் கரையோரத்து ஊர்களிலே மார்க்கக் கல்வி கற்போர் வாரிசுரிமைப் பாகக் கணக்கை நன்கு அறிவர். ஒருவர் மனைவியையும், இரு புதல்வியரையும், தந்தையையும், தாயையும் விட்டு இறந்தால் பங்கு எவ்வாறு? மனைவிக்கு எட்டில் ஒன்று; புதல்வியர்க்கு மூன்றில் இரண்டு; தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே ஆறில் ஒன்று. சொத்தை 24 கூறாக்கினால் 3, 16, 4, 4 என வரும். கூட்டினால் 27! இருக்கும் சொத்தைக் காட்டிலும் பங்கு மிகுந்துவிடுகிறது. மிம்பரில் நின்றுகொண்டிருந்த அலி (ரலி) அவர்களிடம் இவ்வினா எழுப்பப்பட்டதாகவும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என அவர் உடனே விடை பகர்ந்ததாகவும் மரபு கூறும். 24க்குப் பதிலாக 27 கூறிட்டு, எல்லோருடைய பங்கையும் ஒரே விகிதத்திற் குறைப்பதே அதன் நுட்பம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதிலே அல் குவாரிஸ்மி இயற்றிய அட்சரகணித நூலின் பெரும்பகுதி இத்தகைய பாகப்பிரிவினைக் கணக்குகளே. மக்கள் வாழ்விலே எழுந்த வினா, சபையிலே கேட்கப்பட்டு, நூலிலே கலையாக மலர்ந்தது.

சபை கூட முடியாதவர்கள் என் செய்வது? இதற்கு விடை கண்டவர் வி. இராமசாமி ஐயர். பிரித்தானிய ஆட்சியிலே துணைக் கலெக்டராக ஊர் ஊராக மாற்றப்பட்டுக்கொண்டிருந்த அவருக்குக் கணிதத்தின்மீது தணியாத காதல். புதிய நூல்களோ ஐரோப்பிய இதழ்களோ தனியொருவர் வாங்கக்கூடிய விலையில் இல்லை. எனவே, நண்பர்களுக்கு மடல் எழுதினார்: ஆளுக்குச் சிறிது பணம் போடுவோம், இதழ்களை வாங்கித் தபாலிலே ஒருவர் மாற்றி ஒருவர் படிப்போம். 1907இல் 20 உறுப்பினருடன் இவ்வாறு தொடங்கிய குழுவே பின்னர் இந்தியக் கணிதச் சங்கமாயிற்று. 1909இல் அதற்கென ஓர் இதழும் தோன்றியது. அவ்விதழின் உயிர்நாடி அதன் வினாப்பகுதி. எவரும் வினா அனுப்பலாம். எவரும் விடை அனுப்பலாம்.

1910இல் திருக்கோவலூரிலே இராமசாமி ஐயரைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். கல்லூரித் தேர்விலே தோற்றவர். எழுத்தர் வேலை கேட்டு வந்தவர். கையிலிருந்த நோட்டைப் புரட்டிய ஐயர், வருவாய்த்துறையின் கடைசிப் படியிலே இவ்வறிவை அமுக்கிவிடலாகாது என உணர்ந்து, சென்னையிலுள்ள கணித நண்பர்களிடம் அவரை அனுப்பினார். அந்த இளைஞரே சீனிவாச இராமானுசன். 1911இல் சங்கத்தின் இதழிலே அவர் எழுப்பிய 289ஆம் வினா புகழ்பெற்றது. ஒன்றுடன் இரண்டின் மடங்கு, அதனுள்ளே ஒரு வர்க்கமூலம்; அதனுள் ஒன்றுடன் மூன்றின் மடங்கு, அதனுள்ளே மீண்டும் ஒரு வர்க்கமூலம்; இப்படியே முடிவின்றிச் செல்லும் கோவையின் பெறுமானம் யாது? மூன்று இதழ்கள் வெளிவந்தன; ஆறு மாதங்கள் கழிந்தன; விடை வரவில்லை. இறுதியில் அவரே விடையளித்தார்: 3.

பள்ளி மாணவனும் இதன் வழியைக் காணலாம். 3 என்பது 9இன் வர்க்கமூலம்; 9 என்பது 1 + 2 × 4. அந்த 4, 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5, 25இன் வர்க்கமூலம்; 25 என்பது 1 + 4 × 6. ஏணி இறங்கிக்கொண்டே செல்லும். முடிவிலா ஏணி உண்மையிலே ஓர் எண்ணில் நிலைபெறுகிறதா என்பதைத் தனியே நிறுவ வேண்டும். நல்லாசிரியர் அந்த இடத்திலே நின்று மாணவரைக் கேட்பார்.

1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சென்னைத் துறைமுகத்திலே எழுத்தரான இராமானுசன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு மடல் எழுதினார். அம்மடலை உலகம் அறியும். அதற்கு முன்னே அவர் குரலைக் கேட்ட அச்சிற்றிதழை நாம் மறந்துவிடுகிறோம்.

நம் கரையோரத்துக்கு வருவோம். காரைதீவிலே 1892இல் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்ற விபுலாநந்த அடிகள் 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூலிலே பழந்தமிழ் இசையின் சுரங்கள் நரம்பின் நீள விகிதங்களாகக் கணிக்கப்படுகின்றன. 1942இல் அரசாங்க அதிகாரியாகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் இம்மக்களின் வறுமையை நேரிற் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தார். இலவசக் கல்வியும் அவ்வாண்டிலேயே வந்தது. வயலிலும் கடலிலும் மருதமுனைத் தறியிலும் உழைத்தோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்தது.

கதவு திறந்தது, சபை திறந்ததா? இதுவே நம் முன்னுள்ள கேள்வி. இன்று இணைந்த கணிதம் பயிலும் மாணவன், கடந்த காலப் பரீட்சை வினாக்களையும் அவற்றின் விடைகளையும் பணங் கொடுத்துப் பெறுகிறான். பக்கத்து மாணவன் அவனுக்குப் போட்டியாளன். தெரிந்த முறையை மறைப்பது சாமர்த்தியமாகிவிட்டது. பணமில்லாதவன் வாசலிலே நிற்கிறான். வினா எழுப்பும் உரிமையோ இருவருக்குமே இல்லை. அது பரீட்சைத் திணைக்களத்துக்கே உரியதாய்விட்டது.

கணித உலகமோ எதிர்த் திசையிலே நடக்கிறது. இடைவெளி 7 கோடிக்குக் குறைவாயுள்ள முதன்மை எண் சோடிகள் முடிவின்றி உண்டு என 2013இல் யிடாங் சாங் நிறுவினார். உடனே பல நாட்டுக் கணிதர்கள் தம் குறிப்புகளை யாவருங் காண வெளியிட்டுக் கூட்டாக முயன்றனர். ஜேம்ஸ் மேனார்ட் கண்ட புதிய வழியையும் சேர்த்துக்கொண்டு 2014இல் அவ்வெல்லையை 246 ஆகக் குறைத்தனர். மறைத்திருந்தால் இவ்விரைவு கைகூடியிராது.

நம் பாடசாலைகளிலே இதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. வாசலிலே ஒரு கரும்பலகை; வாரம் ஒரு வினா; விடை எழுதுவோர் யாராயினும் அவர் பெயர். நிந்தவூர் மாணவி எழுப்பும் வினாவுக்கு அக்கரைப்பற்று மாணவன் விடை காணட்டும். காரைதீவுத் தோழன் அதிலே பிழை காணட்டும்.

முதல் வினாவையும் இராமானுசனிடமே பெறலாம். 1 முதல் 4 வரையுள்ள எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால் 25. அது 5இன் வர்க்கம். 5 வரை பெருக்கினால் 121, 11இன் வர்க்கம். 7 வரை பெருக்கினால் 5041, 71இன் வர்க்கம். இவ்வாறு அமையும் வேறு எண் உண்டா? 19ஆம் நூற்றாண்டிலே பிரான்சிய நாட்டு புரொக்கார் கேட்டார். 1913இல் அதே சங்க இதழில் இராமானுசனும் கேட்டார். இன்றுவரை நிறுவியவர் எவருமில்லை. கரும்பலகையில் முதலில் எழுத வேண்டியது, ஆசிரியருக்கும் விடை தெரியாத இந்த வினாவையே.