மறுநாள் நினைவு நாள்

2017 நவம்பர் 17-ஆம் தேதி நியூயார்க் நகரத்துப் புரூக்ளினிலிருந்து ஒரு புதிய இசைத்தட்டு வெளிவந்தது. ‘ஸோல் ஆஃப் எ உமன்’ என்று பெயர். பாடியவர் ஷாரன் ஜோன்ஸ்; வாசித்தவர்கள் டாப்-கிங்ஸ் கோஷ்டியார். மறுநாள் அந்த அம்மாளுக்கு முதல் நினைவு நாள்.

‘ஸோல்’ சங்கீதம் அமெரிக்கக் கறுப்பு மக்களின் தேவாலயத்தில் வேர் கொண்டது. ஆண்டவனைக் கூவி அழைத்த குரலை 1950-களில் ரே சார்லஸ் போன்றவர்கள் காதலியின் பக்கம் திருப்பினார்கள். பக்தர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு ஜேம்ஸ் பிரவுன் வந்தார். நாலு தட்டுத் தாளத்தில் முதல் தட்டின் மேல் பாரத்தை இறக்கினார். கிடாரும் ஊதுகுழலும்கூட மத்தளம் மாதிரி பேசத் தொடங்கின. அதுவே ‘ஃபங்க்.’ அவர் வளர்ந்த அகஸ்டா நகரில்தான் 1956-ல் ஷாரன் பிறந்தார்.

குரல் இருந்தது, கதவு திறக்கவில்லை. கறுப்பு, குட்டை, பருமன், வயது என்று குற்றப் பத்திரிகை வாசித்து அனுப்பிவிட்டார்களாம். பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ! அந்த அம்மாள் கல்யாணங்களில் பாடினார்; ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவல் பார்த்தார்; பணம் ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் காவலாகப் போனார். 1996-ல் ஒரு ஒலிப்பதிவுக்குப் பின்பாட்டுப் பாட மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர் இவர் ஒருவர்தான். மூவர் பங்கையும் தாமே பாடிக் கொடுத்தார். 2002-ல் முதல் இசைத்தட்டு வந்தபோது, பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயது.

கம்ப்யூட்டர் காலத்தில் டாப்-கிங்ஸ் பழைய ஒலிநாடாவிலேயே பதிவு செய்தார்கள். 2006-ல் ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ தட்டில் பல பாட்டுகளுக்கு வாசித்தவர்களும் இவர்களே. ‘பழைய பாணியைக் காப்பியடிக்கிறார்கள்’ என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பேச்சு ஷாரனுக்குப் பிடிக்காது. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. சிறு வயதில் காதில் விழுந்ததை நடுவயதில் பாடுகிறவருக்கு அது சொந்தச் சொத்தல்லவா?

2013-ல் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆகஸ்டில் வரவேண்டிய தட்டு 2014 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. சிகிச்சையில் முடி உதிர்ந்த தலையோடு, பொய்முடி வைத்துக்கொள்ளாமலே மேடையேறினார், ஆடவும் செய்தார். நோய் திரும்பி வந்தது. தெம்பு இருந்த நாட்களில் பாடிப் பதிவு செய்தார். 2016 நவம்பர் 18-ல் காலமானார்.

கடைசித் தட்டின் கடைசிப் பாட்டு ‘கால் ஆன் காட்.’ தம் தேவாலயப் பாடகர் குழுவுக்காக 1970-களில் அவரே எழுதியது. அவருடைய குரல் பல வருஷங்களுக்கு முன்பே பதிவாகி, நாடாவில் காத்துக் கிடந்தது. அவர் போன பிறகு, அந்தப் பழைய தோழர்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, நாடாவை ஓடவிட்டு, அவர் குரலுக்குப் பின்பாட்டுப் பாடினார்கள்.